செல்வநாயகிக்குப் பார்த்த மாப்பிள்ளை

தென்கோடி நாடொன்றின் மாசி என்ற புறநகரில், தவராசா வீட்டு வரவேற்பறையில் தண்டபாணி என்றொருவன் இரண்டு வருடமாக விழுந்தபடியே கிடந்தான். யாரும் தூக்கிவிடவில்லை. தூக்கிவிடவும் முடியாது, ஏனென்றால் அவன் எண்ணெய் வர்ணத்தில் இருந்தான்.

படம் வீட்டோடு வந்தது. வீட்டை விற்ற ஒல்லாந்துக்காரக் கிழவர் முதியோர் இல்லத்துக்குப் போனபோது, அங்கே கிடைத்த சின்ன அறையில் அது அடங்காது என்று சுவரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். கட்டில் அளவு படம். உறைந்துபோன ஒரு வாய்க்கால், இரண்டு கரையிலும் வெண்பனி மூடிய வயல், இலையில்லாத மரங்கள், தூரத்தில் ஒரு காற்றாலை. வாய்க்காலின் மேல் ஊரே திரண்டு காலில் இரும்பைக் கட்டிக்கொண்டு சறுக்கி விளையாடுகிறது. நாய்கூடச் சறுக்குகிறது.

"ஒல்லாந்தர் எப்பவும் இப்பிடித்தான்," என்றார் தவராசா, வீடு குடிபுகுந்த அன்று. "யாழ்ப்பாணத்திலை கோட்டையை விட்டிட்டுப் போனவங்கள். இஞ்சை படத்தை விட்டிட்டுப் போயிருக்கிறாங்கள்."

அவர் மனைவி ரதிதேவிக்கு முதலில் அதைப் பிடிக்கவே இல்லை. பார்த்தாலே குளிரெடுத்தது. மகன் யசீகரனின் பட்டமளிப்புப் படத்தை அந்த இடத்தில் மாட்ட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் படத்தைத் தூக்கிப் பார்த்தால் பின்னால் சுவரில் வேறு நிறம். சுவருக்கு வர்ணம் அடிக்கத் தவராசாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைக்க வேண்டும். அவர் மாநகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்குத் தூங்குவதற்கென்றே படைக்கப்பட்டவை. படம் தப்பியது.

பிறகு யசீகரன் சிட்னிக்குப் போனான். அடுத்து மகள் பிரணவி படிக்க டனீடினுக்குப் போனாள். அப்போதுதான் ரதிதேவிக்கு ஒரு விஷயம் விளங்கியது. இருபத்தைந்து வருடமாகத் தானும் தன் புருஷனும் கதைத்ததெல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான். பிள்ளைகள் பெட்டி கட்டியபோது பேச்சையும் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது நாலைந்து வசனம். "சோறு போடவோ?" "ஓம்." "குப்பை வாளி வைச்சாச்சோ?" "ஓம்." ஓம் என்ற சொல் இல்லாவிட்டால் அந்த வீட்டில் சத்தமே இருந்திருக்காது. ரதிதேவிக்கு அது பயமாக இருந்தது. சண்டை என்றாலும் பரவாயில்லை, சண்டைக்கும் வாய் திறக்கத்தானே வேண்டும்.

ஒரு மழை நாள் பின்னேரம் தொலைக்காட்சி பழுதாகிவிட்டது. பார்க்க வேறொன்றும் இல்லாமல் தவராசா சுவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உந்த மொத்தன் ஏனப்பா விழுந்தவன்?" என்றார்.

வாய்க்காலின் நடுவில் ஒரு குண்டன் பின்புறம் பனிக்கட்டியில் பதிய, இரண்டு காலும் மேலே தூக்கியபடி கிடந்தான். ரதிதேவி எழும்பிக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"வழுக்கி விழேல்லை. உந்தச் சிவப்புப் பாவாடைக்காரியைப் பாத்துக்கொண்டு வந்து விழுந்தவன்."

தவராசா சிரித்தார். சும்மா சிரிப்பல்ல; வயிறு குலுங்க, தேத்தண்ணி சிந்தச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று ரதிதேவிக்கு நினைவே வரவில்லை.

அன்றோடு தொடங்கியது கூத்து. குண்டனுக்குத் தண்டபாணி என்று பெயர் வைத்தார்கள். சிவப்புப் பாவாடைக்காரி செல்வநாயகி ஆனாள். அவளுக்குப் பக்கத்தில் உயரமான கறுப்புத் தொப்பி வைத்து, முதுகு வளையாமல் சறுக்கிக்கொண்டிருந்தவன் பாஸ்கரன், இஞ்சினியர். கரையில் பானை வைத்து எதையோ சுடச்சுட விற்றுக்கொண்டிருந்தவள் மரகதம். அவள் வாயில் விழுந்த சங்கதி ஊர் முழுக்கப் பரவும். ரதிதேவி திரைச்சேலைக் கடையில் துணி அளந்துகொண்டே அன்றைய கதையை யோசித்து வைப்பாள். தவராசா பேருந்தின் ஒவ்வொரு தரிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக யோசித்துக்கொண்டு வருவார். கதவைத் திறந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்பார்: "மரகதம் என்னவாம்?"

"செல்வநாயகியின்ரை தாய்க்காரிக்குக் கடிதம் போட்டிட்டாளாம்."

"அடி பாவி!"

இப்படியே இரண்டு வருடம் போனது. தொலைக்காட்சியைத் திருத்தவே இல்லை.

எந்தக் கதையும் கல்யாணத்தில் வந்துதானே நிற்க வேண்டும். ஒரு சனிக்கிழமை, அந்த நாட்டில் குளிர்காலமான யூலை மாதத்தில், செல்வநாயகிக்கு மாப்பிள்ளை யார் என்ற பேச்சு முற்றிவிட்டது.

"பாஸ்கரன்தான்," என்றார் தவராசா. "ஆள் உயரம். முதுகு நேர். விழாமல் நிக்கிறான். நிரந்தர விசா கிடைச்ச முகம்."

"அவள் சிரிக்கிறது தண்டபாணியைப் பாத்தல்லோ?"

"அது நக்கல் சிரிப்பு. விழுந்து கிடக்கிறவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?"

"நீங்கள் என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு வேட்டி தடக்கி விழப் பாத்தனீங்கள். எங்கடை ஐயா குடுத்தவர்தானே?"

"விழப் பாத்தனான். விழேல்லை," என்றார் தவராசா விறைப்பாக.

வாக்கெடுப்பு வைத்தார்கள். ஆளுக்கொன்று என்று சமமாக நின்றது. டனீடினில் இருந்த பிரணவியை அழைத்துக் கேட்டார்கள். "த டோல் வன், ஒப்வியஸ்லி," என்று உயரமானவனுக்கு வாக்குப் போட்ட பிரணவி, கொஞ்சம் பொறுத்து, "ஆர் யூ கைஸ் ஓகே?" என்றாள்.

பாஸ்கரன் வென்றான். தவராசாவுக்குத் தலைகால் தெரியவில்லை. சுவாமி அறையாக மாற்றியிருந்த துணி அலுமாரியைத் திறந்து குங்குமச் சிமிழை எடுத்து வந்தார். வாயாலேயே நாதஸ்வரம் ஊதி, சோற்றுச் சட்டியில் தவில் அடித்தார். கெட்டிமேளம் முழங்கும்போது ரதிதேவி மஞ்சள் பூசிய அரிசியை எறிந்தாள். அது படத்தில் பட்டுத் தெறித்துக் கம்பளம் எங்கும் சிந்தியது. தவராசா மாப்பிள்ளைக்காகச் சின்ன விரல் நுனியில் குங்குமத்தைத் தொட்டு, செல்வநாயகியின் நெற்றியில் கடுகளவில் ஒரு பொட்டு வைத்தார். அவ்வளவு சின்ன நெற்றியில் அவ்வளவு அழகாகப் பொருந்தியது. இரண்டு பேரும் சோபாவில் விழுந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ஐம்பத்தைந்து வயதில் இப்படியும் ஒரு விசர்!

திங்கட்கிழமை தொலைபேசி அடித்தது.

அழைத்தது எல்ஸ் என்ற பெண். வீட்டை விற்ற ஹெங்க் என்ற கிழவரின் மகள். அப்பாவுக்குத் தொண்ணூறு வயது ஆகப்போகிறது. இல்லத்தில் இப்போது பெரிய அறை கிடைத்திருக்கிறது. அவர் அந்தப் படத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்க உரிமையில்லை என்று தெரியும், ஆனாலும் கேட்கிறேன், அது என் அம்மா வரைந்தது என்றாள்.

'முடியாது' என்ற சொல் ரதிதேவியின் தொண்டைவரை வந்தது. வாயில் வந்தது வேறு. "ஓம் ஓம், நோ வொரிஸ்," என்றாள். எங்கள் சனங்களுக்கு இல்லையென்று சொல்லத் தெரிந்திருந்தால் பாதித் தொல்லை இல்லை.

"கோட்டையைத் திருப்பிக் கேட்டவங்களே?" என்று கத்தினார் தவராசா. "இல்லைத்தானே! படத்தை மட்டும் ஏன் கேக்கிறாங்கள்?"

"அது தாய் கீறின படமப்பா."

பிறகு இருவரும் ஒரே நேரத்தில் படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். செல்வநாயகி நெற்றியில் பொட்டோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

படத்துக்குக் கண்ணாடி இல்லை. குங்குமம் நேரே வர்ணத்தில் ஊறியிருந்தது. ஈரப் பஞ்சால் ஒற்றினார்கள். போகவில்லை. பாண் ரொட்டியின் நடுப்பகுதியை உருட்டித் தேய்த்தார்கள். பாண் சிவந்தது, பொட்டு போகவில்லை. தவராசா ஒரு துளி நல்லெண்ணெய் விட்டுப் பார்த்ததுதான் வினை. கடுகாக இருந்தது உளுந்தாகிவிட்டது.

"இனித் தொட்டீங்களெண்டால் கையை முறிப்பன்," என்றாள் ரதிதேவி. "பொட்டு நிலாவாகிப் போகும்."

எல்ஸ் படம் எடுக்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பொட்டை நினைத்து வெட்கம் ஒரு பக்கம். ஆனால் உள்ளே கிடந்து அரித்தது அதுவல்ல. படம் போனால் என்ன செய்வது? மறுபடியும் சோறு போடவோ, ஓம், குப்பை வாளி வைச்சாச்சோ, ஓம்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழும்பிப்போய்ச் செல்வநாயகியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஹெங்க் கிழவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மெலிந்து, வளைந்து, காதுக்குள் கருவி வைத்திருந்தார். வடையையும் தேத்தண்ணியையும் தாண்டி நேரே படத்திடம் போனார். சட்டைப் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். அத்தனை பேர் சறுக்குகிற வாய்க்காலில், அந்தக் கண்ணாடி வேறு யாரிடமும் நிற்காமல் செல்வநாயகியிடம் போய் நின்றது.

"இது என்ன?" என்றார் கிழவர்.

"மொஸ்கிட்டோ," என்றார் தவராசா.

கிழவர் சட்டத்தின் கீழ் ஓரத்தில் ஒட்டிக்கிடந்த ஒரு மஞ்சள் அரிசியை நகத்தால் கிள்ளி எடுத்து, கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்தார். பிறகு தவராசாவைப் பார்த்தார். தவராசா கூரையைப் பார்த்தார்.

ரதிதேவியால் பொறுக்க முடியவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டாள். "நுளம்பு இல்லை ஐயா. பொட்டு. நாங்கள் அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தோம். பிள்ளைகள் போனபிறகு எங்களுக்குக் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. இவர்களைப் பற்றிக் கதைத்தோம். கதைத்துக் கதைத்துக் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. மன்னிக்க வேண்டும்."

எல்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். கிழவரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கல்யாணமா? யாருக்குக் கட்டிவைத்தீர்கள்?"

ரதிதேவி கறுப்புத் தொப்பிக்காரனைக் காட்டினாள்.

கிழவர் குனிந்து பார்த்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று ரதிதேவி பதறிப்போனாள். அழவில்லை; சிரித்தார். இருமி, மூச்சு வாங்கி, எல்ஸ் முதுகைத் தடவிவிடத் தடவிவிடச் சிரித்தார்.

"அது பீட்டர்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவளுடைய சொந்த அண்ணன்!"

"ஐயோ முருகா!" என்று தலையில் கை வைத்தாள் ரதிதேவி. தவராசா பொத்தென்று சோபாவில் உட்கார்ந்தார். அண்ணனுக்கும் தங்கைக்கும் தவிலடித்துக் கல்யாணம் கட்டிவைத்த பாவத்தை எந்தக் கடலில் போய்க் கழுவுவது!

"இவள் என் ஹன்னா," என்றார் கிழவர். பிறகு விரலை மெல்ல நகர்த்தி, காலிரண்டும் மேலே தூக்கிக் கிடந்த குண்டனிடம் நிறுத்தினார். "இது நான்."

ரதிதேவி ஒரு கணம் தன் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரண்டு வருட வழக்கின் தீர்ப்பு இருந்தது.

"அண்ணனும் தங்கையும் சேர்ந்து சறுக்கிக்கொண்டு வந்தார்கள்," என்றார் கிழவர். "நான் அவளையே பார்த்துக்கொண்டு போய் விழுந்தேன். ஊரே சிரித்தது. இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் இங்கே பனிக்கட்டியே இல்லை, வெறும் மழையும் சேறும். அவளுக்குப் பொறுக்கவில்லை. இதை வரைந்தாள். என்னை எழுப்பி நிற்க வை என்று ஐம்பது வருடம் கெஞ்சினேன். மாட்டேன் என்றாள். நீ விழுந்திருக்காவிட்டால் நான் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன் என்பாள்."

பிறகு அவரே கேட்டார்: "உங்கள் வழக்கத்தில் இந்தச் சிவப்பை யார் வைப்பது?"

"மாப்பிள்ளை," என்றாள் ரதிதேவி.

கிழவர் சுட்டுவிரலை நீட்டினார்.

ரதிதேவி ஓடிப்போய்ச் சிமிழைக் கொண்டுவந்தாள். எல்ஸ் அப்பாவின் முழங்கையைத் தாங்கினாள். தவராசா எழும்பி நின்று, தன்னையறியாமல், மெல்லிய குரலில் நாதஸ்வரம் ஊதத் தொடங்கினார். கிழவரின் விரல் ஆடி ஆடிப் போனது. செல்வநாயகியின் நெற்றியில் வைத்த குங்குமம் அவள் மூக்கிலும், தலைத்துணியிலும், பக்கத்தில் நின்ற பீட்டரின் காதிலும் பட்டது. "அவனுக்கும் கிடைத்துவிட்டது," என்று கிழவர் சொல்ல, நான்கு பேரும் சிரித்த சிரிப்பில் அயல்வீட்டு நாய் குரைத்தது. ரதிதேவிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதற்கு எது என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

படம் போய்விட்டது. தவராசாவே போர்வையில் சுற்றி எல்ஸின் வாகனத்தில் ஏற்றிவிட்டார். சுவரில் கட்டில் அளவுக்கு வெளிறிய ஒரு நீள்சதுரம் மிஞ்சியது.

திங்கட்கிழமை தவராசா வந்து சப்பாத்தைக் கழற்றினார். வாயைத் திறந்தார். சுவரைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"சோறு போடவோ?" என்றாள் ரதிதேவி.

"ஓம்."

அந்த 'ஓம்' அவள் நெஞ்சில் கல்லாக விழுந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அதே சோறு, அதே ஓம். புதன்கிழமை தவராசா தானாகவே, "தொலைக்காட்சியைத் திருத்த ஆள் பிடிக்கவோ?" என்று கேட்டார். அவர் குரலிலும் பயம் இருந்தது. அவருக்கும் அதேதான் அரிக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

சனிக்கிழமை பின்னேரம் அவள் கார்ச் சாவியை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"எழும்புங்கோ. அவொண்டேலுக்குப் போவம். உங்கை ஐஸ் சறுக்கிற இடம் இருக்குதாம்."

"விசரே உமக்கு? இந்த வயதிலை இடுப்பு முறிஞ்சால்?"

"முறிஞ்சால் அதைப் பற்றிக் கதைப்பம்."

தவராசா எழும்பினார்.

அரங்குக்குள் குளிர் முகத்தில் அறைந்தது. பிறந்தநாள் கொண்டாட வந்த குஞ்சு குருமான்கள் காற்றாகப் பறந்துகொண்டிருந்தன. வாடகைச் சப்பாத்தை மாட்டி எழும்பியபோது இருவரும் கன்றுக்குட்டி நிற்பதுபோல நின்றார்கள். சல்வாருக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்த ரதிதேவி, ஓரத்துக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு முருகனாகக் கூப்பிட்டு, நல்லூரான், செல்வச்சந்நிதியான், மாவிட்டபுரத்தான் என்று நகர்ந்தாள். தவராசா கம்பளித் தொப்பியை நேராக இழுத்துவிட்டார். முதுகை நிமிர்த்தினார். சாட்சாத் பாஸ்கரன் இஞ்சினியர்.

"பாரும், பாரும்! ஒண்டையும் பிடிக்காமல் நிக்கிறன்!"

கைப்பிடி முடிகிற இடத்தில் வாசலொன்று இருந்தது. ரதிதேவிக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. காலிரண்டும் தம்பாட்டுக்குப் போக, அவள் "ஐயோ!" என்று கத்தியபடி சறுக்கினாள். ஆனால் விழவில்லை. போனாள். வெள்ளைத் தரை அவள் காலடியில் வழிந்தோடியது, குளிர் காதில் பாடியது, சால்வை பின்னால் பறந்தது. ஓர் ஆள் தூரம்தான் இருக்கும். அவளுக்கு ஒரு வாய்க்கால் முழுக்கப் போனதுபோல இருந்தது. அடுத்த கைப்பிடியை எட்டிப் பிடித்ததும், சின்னப் பிள்ளை மாதிரி, "கண்டனீங்களோ! கண்டனீங்களோ!" என்று கூவினாள்.

தவராசா கண்டார். கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். தான் எங்கே போகிறோம் என்று பார்க்கவில்லை.

விழுந்த சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. பின்புறம் பனிக்கட்டியில் பதிய, காலிரண்டும் மேலே தூக்கியபடி கிடந்தார். தொப்பி தனியாகச் சறுக்கிக்கொண்டு போனது.

ரதிதேவி கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பினாள். இடுப்பு முறிந்ததோ என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பு. அடக்க அடக்கப் பொங்கி வந்தது.

அரங்கில் வேலை செய்கிற ஒரு மாவோரிப் பெண் விரைந்து சறுக்கி வந்து, தூக்கிவிடக் கை நீட்டினாள். தவராசா கிடந்தபடியே கையை உயர்த்தி அவளைத் தடுத்தார்.

"ஒரு நிமிடம் பொறு, பிள்ளை," என்றார் ஆங்கிலத்தில். "அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்."